மலையைச் சுற்றப் போன மூடி

கம்ப்யூட்டர் படித்தவன் என்று சொல்லிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நான், ஒரு கார்த்திகை மாதக் காலையில், திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், முன்பின் தெரியாத மனிதர்களை நிறுத்தி நிறுத்தி, "சார், நீங்க இருபத்திரண்டா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் மட்டும் வெட்கப்பட்டார். மற்றவர்கள் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு மதராஸில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் எங்களிடம் மூன்று கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். வாங்கியிருந்தார் என்பதைவிட, இன்ஜினீயரிங் படித்த அவர் மகன் வாங்க வைத்திருந்தார் என்பதே சரி. லாட்ஜுக்கு இரண்டு கட்டடங்கள். பழையது முன்தெருவில், புதியது பின்தெருவில், நடுவில் துணி காயும் ஒரு வெற்றிடம். முன் கவுண்ட்டரில் "பின்னால ரூம் இருக்கு, போங்க" என்று அனுப்புவார்கள். பெட்டி படுக்கை குழந்தைகளோடு அந்தக் குடும்பம் பின்கட்டடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே அந்த ரூமை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள். "முன்னால கேளுங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். மலையைச் சுற்ற வந்தவர்கள் முதலில் லாட்ஜைச் சுற்ற வேண்டியிருந்தது.

மகனின் யோசனை இதுதான்: முன் கவுண்ட்டரில் ஒன்று, பின் கவுண்ட்டரில் ஒன்று, மாடியில் அப்பாவின் அறையில் ஒன்று. மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் ரூம் போட்டால் மற்ற இரண்டிலும் தெரிய வேண்டும்.

அப்பாவுக்கு இதில் துளியும் நம்பிக்கையில்லை. ஆட்களின் எதிரிலேயே சொல்லிவிட்டார். "டேய், தீபத்துக்குக் கொடி ஏர்றதுக்குள்ள இது ஓடணும். ஓடலைன்னா மூணு பொட்டியையும் திருப்பி அனுப்பிட்டு, நீ அடிஅண்ணாமலைக்குப் போய் நெலத்தப் பாரு. லாட்ஜ் பக்கமே வராத."

மகனுக்கு அப்போது முப்பது வயது. "சரி நைனா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தெரிந்த நம்பிக்கைக்கு நான் எந்த விதத்திலும் தகுதியானவன் இல்லை என்பது எனக்கும் அப்போது தெரியாது.

இங்கே டிரைவர் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஸ்டியரிங் பிடிப்பவர் இல்லை. கம்ப்யூட்டரின் முதுகில் ஈதர்நெட் கார்டு என்று ஓர் அட்டையைச் செருகுவார்கள். வெளியே கேபிள் வழியாகப் பேசுவதும் கேட்பதும் அந்த அட்டைதான். ஆனால் அட்டையின் பாஷை கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே நின்று, இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் சொல்கிற சின்ன புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர். கல்யாணத் தரகர் மாதிரி. தரகர் சரியில்லை என்றால் இரண்டு வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் அட்டைகள் யாரோ ஒருவரின் பெட்டியில் சிங்கப்பூரிலிருந்து வந்தவை. கூடவே வந்த டிரைவர் பிளாப்பி, வரும் வழியிலேயே பூஞ்சை பிடித்துச் செத்துப்போயிருந்தது. வேறு பிளாப்பி வரவழைக்கலாம் என்றார் எங்கள் மேனேஜர். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எதுக்கு சார்? நானே எழுதிடறேன்" என்றேன். அந்த ஊரில் அப்போது டிரைவர் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு. ஊர் என்றால் மதராஸ்.

அட்டையோடு வந்த தடிப் புத்தகத்தில் எனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். முதல் அத்தியாயம், கேபிளை எப்படிப் பொருத்துவது என்பது பற்றியது. அது எலக்ட்ரீஷியன் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன். பெரிய பெரிய புத்தகங்களைப் படித்தவர்களுக்கு முன்னுரையைத் தாண்டிக் குதிக்கிற வியாதி ஒன்று உண்டு.

கேபிள் இழுத்த நாளில்தான் விதி விளையாடியது. டி.வி. ஆன்டெனா ஒயர் மாதிரி ஒரு கறுப்பு கேபிள். முன் கவுண்ட்டரில் தொடங்கி, துணி காயும் இடத்தைத் தாண்டி, பின் கவுண்ட்டரைத் தொட்டு, திரும்பவும் பழைய கட்டடத்துக்கு வந்து, மாடியில் முதலாளி அறையில் முடிந்தது. இரண்டு முனைகளிலும் மாட்டுவதற்கு இரண்டு சின்ன மூடிகள் வந்திருந்தன. சுண்டுவிரல் நுனி அளவு, பளபளவென்று வெள்ளி மாதிரி. மகன் அவற்றை மாட்டிவிட்டிருந்தார்.

மாலையில் முதலாளி வந்து பார்த்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. மாடியிலிருந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, பாதியிலயே நிக்குது?" என்றார்.

"பாதி இல்லைங்க. அதோட முடிஞ்சிடுது."

"அது எப்படிங்க? எங்கூர்ல ஒண்ணு சுத்தக் கெளம்புனா, கெளம்புன எடத்துக்கே வந்து சேரணும். நடுவுல நின்னா பலன் கெடையாது." குனிந்து ஜன்னல் வழியாகக் காட்டினார். "கீழ தானே இருக்கு மொத பொட்டி. நாலு முழம் ஒயர் இருந்தா சேத்துடலாமே."

நான் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. காரணம், எனக்குப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. பேட்டரி, பல்பு, ஒயர். சுற்று முழுமையடைந்தால்தான் மின்சாரம் ஓடும். முதலாளி ஆன்மிகத்தில் சொன்னதை நான் விஞ்ஞானத்தில் நிரூபித்தேன். மூடிய சுற்று, திறந்த சுற்று என்று அங்கேயே நின்று ஒரு சின்ன பிரசங்கம். மகன் தயங்கினார். "சார், மூடி எதுக்குக் குடுத்திருக்காங்க அப்ப?" என்று கேட்டார். "தூசி போகாம இருக்க" என்றேன். உடனே பதில் சொன்னதால் அது உண்மையாகவே தெரிந்தது.

மூடிகளைக் கழற்றினோம். முனைகளைச் சேர்த்தோம். கேபிள், மலையைச் சுற்றுவது போலவே, லாட்ஜை வலமாகச் சுற்றி வந்தது. முதலாளிக்குத் திருப்தி. "இது வேணுமா தம்பி?" என்று மூடிகளைக் காட்டிக் கேட்டார். "வேணாங்க, சும்மா மூடிதான்" என்றேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு கயிற்றுத் துண்டைக்கூட வீணாக்காதவர் அவர்.

அடுத்து டிரைவர் எழுதினேன். ஓடவில்லை.

அந்த அட்டைகளுக்கு நல்ல பழக்கம் ஒன்று உண்டு. பேசுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேபிளில் காது கொடுத்துக் கேட்கும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசிவிட்டால், இரண்டும் வாயை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் இல்லாத நாகரிகம். ஆனால் என் அட்டைகள் எப்போது பேசப்போனாலும் "வேறு யாரோ பேசுகிறார்கள்" என்று சொல்லிப் பின்வாங்கின. மற்ற இரண்டையும் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் பேசச் சொன்னேன். அப்போதும் "வேறு யாரோ பேசுகிறார்கள்."

டிரைவரில்தான் தப்பு என்று முடிவு செய்தேன். திருத்தினேன். திருத்தியதைத் திருத்தினேன். நாள் போகப் போக டிரைவர் நீண்டது, எனக்குத் தாடி வளர்ந்தது. எழுதிய முதல் டிரைவர் இருந்த பிளாப்பியை மகனிடம் கொடுத்து, "தூக்கிப் போட்டுடுங்க, பாக்கவே அசிங்கமா இருக்கு" என்றேன். மகன் ஒரு தடவைகூட என்னைக் குறை சொல்லவில்லை. வேளாவேளைக்கு டிபன் வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஒரு மத்தியானம் அவர் பின்கட்டடத்து கிளார்க்கிடம் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, எந்த மாதம் விதைப்பது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலை. வேறு வழியில்லாமல் மதராஸுக்கு டிரங்க் கால் போட்டேன். எடுத்தது என்னோடு வேலை பார்த்த ஒரு பெண். அதிகம் பேசாதவர், புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கிற ஜாதி. நான் என் டிரைவரின் நுணுக்கங்களை விவரிக்கத் தொடங்கியதும் குறுக்கிட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். ரெண்டு முனையிலயும் மூடி போட்டிருக்கீங்க இல்ல?"

"முனையே இல்லைங்க. ரெண்டையும் சேத்துட்டேன்."

"பேசி முடிச்சாச்சா?" என்று லைனில் நடுவே புகுந்து ஆபரேட்டரே கேட்டுவிட்டார்.

பிறகு அந்தப் பெண் நிதானமாக விளக்கினார். மூடிக்குள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கிறது. கேபிளில் ஓடிவரும் குரலை முனையில் விழுங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் பேசிய குரல் அடங்காமல் கேபிளுக்குள்ளேயே அலைந்துகொண்டிருக்கும். அட்டை தன் குரலையே திரும்பக் கேட்டு, யாரோ பேசுகிறார்கள் என்று ஒதுங்கிக்கொள்ளும். புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதாம்.

போனை வைத்துவிட்டு முதலாளியிடம் ஓடினேன். மூடிகள் எங்கே என்று கேட்டேன்.

"அதுவா? ஏழுலயும் இருவத்திரெண்டுலயும் கட்டியிருக்கேன்" என்றார்.

அந்த லாட்ஜில் ஒவ்வொரு சாவியிலும் ஒரு மரக்கட்டை தொங்கும், யாரும் மறந்துபோய் ஊருக்கு எடுத்துப் போகாமலிருக்க. இரண்டு சாவிகளுக்குக் கட்டை தொலைந்திருந்தது. அவற்றில் என் மூடிகளைக் கட்டிவிட்டார். ஏழாம் நம்பர் ரூம் காலி, சாவி பலகையில் தொங்கியது. பளபளவென்று ஆடிய மூடியை அறுத்தெடுத்தேன். இருபத்திரண்டு பலகையில் இல்லை.

"அவரு விடியகாலம்பரயே சம்சாரத்தோட மலை சுத்தப் போய்ட்டாரு சார்" என்றார் பின்கட்டடத்து கிளார்க். "சாவிய மடியில சொருகினுதான் போனாரு. சுத்திட்டு, சாப்ட்டு, சாமி பாத்துட்டு ராத்திரிதான் வருவேன்னாரு."

"ஆள் எப்படி இருப்பார்?"

கிளார்க் யோசித்தார். "வெள்ள வேட்டி. சட்ட கெடையாது, துண்டு. நெத்தியில பட்ட."

கிரிவலப் பாதையில் இந்த அடையாளம் இல்லாத ஆண் நான் ஒருவன்தான்.

மகனின் சைக்கிளை எடுத்தேன். அவர் எதிரே வருவார், மறுபக்கமாகப் போனால் சீக்கிரம் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பியதுமே முதலாளி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எதிர்ப்பக்கமா சுத்தறீங்களா? எங்க லாட்ஜ்லேந்து கெளம்பி இதுவரைக்கும் ஒருத்தர் அப்படிப் போனதில்ல. மலை வலது கைப்பக்கம்தான் இருக்கணும். இல்லைன்னா ஒக்காருங்க, ராத்திரி வரட்டும்."

"நைனா, அவசரம்" என்றார் மகன்.

"அவசரம்னா வேகமா மிதிக்கச் சொல்லு."

வேகமாக மிதித்தேன். மலை என் வலது கைப்பக்கமே இருந்தது. லேசான தூறல். ஒவ்வொரு வெள்ளை வேட்டியின் பக்கத்திலும் பிரேக் போட்டு, "சார், நீங்க இருபத்திரண்டா?" என்று கேட்டேன். ரூம் நம்பர் என்று விளக்கிச் சொல்ல மூச்சு இல்லை. ஒருவர், "நான் எழுவது, ஒனக்கு இன்னா வேணும்?" என்றார். ஓர் அம்மாள் தன் கணவரை இழுத்து ஓரமாக நிறுத்திக்கொண்டார். நடக்கிறவர்களின் பாதையில் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போன புண்ணியவானைப் பலர் திட்டினார்கள். அண்ணாமலையாரை நினைத்துக்கொண்டு நடப்பவர்களின் நடுவே, நான் சுண்டுவிரல் நுனி அளவு மூடியை நினைத்துக்கொண்டு மிதித்தேன். பக்தி என்று பார்த்தால் யாருக்கும் குறைந்ததில்லை.

அடிஅண்ணாமலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் அவர் இருந்தார். விழுப்புரத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவராம். எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், மடியிலிருந்து சாவியை எடுத்து, என் மூடியின் நுனியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"சார், அந்தச் சாவியைக் குடுங்க" என்றேன்.

நடுரோட்டில் ஒருவன் வந்து, தாடியும் வியர்வையுமாக, உங்கள் ரூம் சாவியைக் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்களோ அதைத்தான் அவரும் செய்தார். சாவியை மடியில் செருகி, அதன்மேல் துண்டை இறுக்கிக் கட்டி, டீக்கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நான் விளக்கத் தொடங்கினேன். அவரும் பேசத் தொடங்கினார். இருவரும் நிறுத்தினோம். ஒரு நிமிஷம் பொறுத்து இருவரும் ஒரே சமயத்தில் மறுபடி தொடங்கினோம். என் அட்டைகள் செய்ததை நாங்கள் பிழையில்லாமல் செய்துகாட்டினோம்.

கடைசியில் அவர் சம்சாரம்தான் புகுந்தார். "லாட்ஜ்காரர் அனுப்பிச்சாருன்றாரு. குடுத்துத்தான் தொலைங்களேன்."

"லாட்ஜ் சாவி. லாட்ஜ்லதான் குடுப்பேன்."

"அப்ப நேரா லாட்ஜுக்கே போலாம் வாங்க. எனக்கும் கால் ஜாஸ்தியா வலிக்குது."

சைக்கிள் கேரியரில் உட்காருங்கள், அழைத்துப் போகிறேன் என்றேன். பாதி சுற்றிவிட்டு வண்டி ஏறினால் சுற்றினதெல்லாம் வீண் என்று ஜவுளிக்கடைக்காரர் சொல்லிவிட்டார். ஆகவே மிச்ச தூரம் முழுக்க அவர்களோடு நடந்தேன். அவருடைய குடை, பை, அந்த அம்மாளின் தூக்குச் சட்டி எல்லாம் என் கேரியரில் ஏறின. வழியில் வந்த ஒரு சன்னிதியையும் அவர் விடவில்லை. ஒவ்வொரு தடவை அவர் விழுந்து கும்பிடும்போதும் நான் அவர் மடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். "தம்பிக்கு நம்மள விட பக்தி கம்மி" என்று சம்சாரத்திடம் சொன்னார்.

லாட்ஜில் முதலாளி கையில் சாவியை ஒப்படைத்தார். மகன் அதற்குள் கேபிளைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தார். இரண்டு முனைகளிலும் மூடிகளை மாட்டினோம். என் கடைசி டிரைவரை, மூன்று வாரத் தாடியின் பலனை, ஓடவிட்டேன்.

ஓடவில்லை.

முதலாளி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகன் என்னைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அடிஅண்ணாமலை அந்தத் திசையில்தான் இருந்தது. பிறகு ஏதோ தோன்றியவர் போல மேஜை டிராயரைத் திறந்து ஒரு பிளாப்பியை எடுத்தார். நான் தூக்கிப் போடச் சொன்ன முதல் டிரைவர். எதையும் வீணாக்காத அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை.

"இதப் போட்டுப் பாக்கலாமா சார்?"

போட்டேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. முன் கவுண்ட்டரில் ஏழாம் ரூம் என்று தட்டியதும் மாடியில் ஏழாம் ரூம் நிரம்பியது. பின்கட்டடத்திலிருந்து கிளார்க், "சார், ஏழு வந்துடுச்சு" என்று கத்தினார். சரியாக இருந்த டிரைவரைத்தான் மூன்று வாரம் திருத்தித் திருத்திக் கெடுத்திருந்தேன்.

முதலாளி எங்களை நம்பவில்லை. தானே ஒரு விரலால் ஒன்பது என்று தட்டிவிட்டு, முன் கவுண்ட்டரிலிருந்து இறங்கி, துணிகளைத் தள்ளிக்கொண்டு பின்கட்டடம் போய்ப் பார்த்தார். மாடி ஏறிப் பார்த்தார். மூச்சு வாங்க இறங்கி வந்து மகனிடம், "டேய், நாளைக்குக் கொடியேத்தத்துக்கு வர்றவங்களுக்கு நீயே ஒக்காந்து ரூம் போடு" என்றார். அந்த வீட்டில் பாராட்டு என்றால் அதுதான் என்று மகனின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ இயந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டேன். இன்றும் ஏதாவது ஓடாவிட்டால், ஆழத்தில் குதிப்பதற்கு முன் ஓரத்தில் என்ன விட்டுப்போயிற்று என்று பார்க்கிறேன். வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, நான் பேசியது யாருக்கும் எட்டவில்லை என்று தோன்றும்போதெல்லாம், என் குரலையே நான் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேனோ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. ஒரு பேச்சு ஓரிடத்தில் முடிந்தால்தான் அடுத்தவர் காதில் விழும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சின்ன மூடி.

இந்தத் தத்துவத்தை அன்று சாயங்காலமே முதலாளியிடம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, சாவிப் பலகையைப் பார்த்தபடி சொன்னார்.

"அதெல்லாம் சரி தம்பி. அந்த ரெண்டு சாவிக்கும் இப்ப எதக் கட்டறது?"